குழு சிமுலேஷன் பயிற்சி: விளையாட்டு முடிந்தபின் கையில் என்ன மிஞ்சும்?

#1 வெண்பலகை

வணக்கம். 24 பேர், மூன்று மணி நேரம், ஒரே கூடம். கூட்டாக வேலை செய்வது, தலைமை தாங்குவது இரண்டையும் தொட்டு ஒரு சிமுலேஷன் பயிற்சி, அதாவது கற்பனைச் சூழ்நிலையில் குழுவாக ஆடிப் பார்க்கும் பயிற்சி, நடத்த வேண்டும். இந்த மாதிரிப் பயிற்சிகள் கலகலப்பாக நடக்கும். கடைசியில் பலகையில் "பேச்சுவார்த்தை முக்கியம், நம்பிக்கை முக்கியம்" என்று நாலு வரி எழுதுவார்கள், கைதட்டுவார்கள், அதோடு முடிந்தது. அந்த நாலு வரி பயிற்சிக்கு வருவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு வேண்டியது, "இதோ, இந்த இடத்தில்தான் பிசகினோம்" என்று தாளைக் காட்டிச் சொல்லக்கூடிய பயிற்சி. எதை எடுக்கலாம், எப்படி நடத்தலாம், எங்கே சொதப்பும்? நடத்திப் பழகியவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

#2 கணக்கன்

தாளில் காட்ட வேண்டுமென்றால் நிலவுப் பயிற்சியை எடுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜே ஹால் வடிவமைத்தது. பழசு, ஆனால் எண்ணாகக் காட்டுவதில் இன்னும் நன்றாகவே நிற்கிறது.

சூழ்நிலை இது. விண்கலம் பழுதாகி, தாய்க்கலத்திலிருந்து 200 மைல் தள்ளி நிலவின் வெளிச்சமான பக்கத்தில் இறங்கிவிட்டது. மிஞ்சியது 15 பொருள்கள். தாய்க்கலத்தை அடைய எது எவ்வளவு அவசியம் என்று 1 முதல் 15 வரை வரிசைப்படுத்த வேண்டும். முதலில் ஒவ்வொருவரும் தனியாக, வாய் திறக்காமல், 10 நிமிடம். பிறகு ஐந்து பேர் கொண்ட குழுவாக 30 நிமிடம். தனித்தாளைப் பேனாவில் எழுதச் சொல்லுங்கள். பென்சில் கொடுத்தால், குழுவாகப் பேசும்போது தன் தாளைத் திருத்திவிடுவார்கள், பிறகு அந்தத் தாளால் பயனில்லை.

நாசா தரப்பு விடையில் ஆக்சிஜன் 1, தண்ணீர் 2, விண்மீன் வரைபடம் 3, உணவு 4, சூரிய சக்தியில் ஓடும் வானொலிக் கருவி 5. கடைசியில் காந்தத் திசைகாட்டி 14, தீப்பெட்டி 15. நிலவில் பூமியைப் போன்ற காந்தப்புலம் கிடையாது, தீக்குச்சி எரியக் காற்றும் கிடையாது.

மதிப்பெண் எளிது. ஒவ்வொரு பொருளுக்கும் உங்கள் இடத்துக்கும் விடையின் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, கூட்டல் கழித்தல் குறி பார்க்காமல் எடுத்து, பதினைந்தையும் கூட்டுங்கள். குறைந்தால் நல்லது. 0 என்றால் அச்சு அசலாக அதே வரிசை. முழுக்கத் தலைகீழாகப் போட்டால் 112. கண்ணை மூடிக்கொண்டு வரிசை போட்டால் சராசரியாக 75 வரும்.

சரிபார்க்க இரண்டு வழி. ஒருவர் போட்ட இடங்களைக் கூட்டினால் 120 வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஓர் எண்ணை இரண்டு முறை போட்டிருக்கிறார். மொத்த வித்தியாசம் எப்போதும் இரட்டைப்படையாகத்தான் இருக்கும். யாராவது 47 என்று சொன்னால் கூட்டலில் தவறு. இதை அங்கேயே பிடிக்காவிட்டால், ஆட்டம் முடிந்தபின் உட்கார்ந்து பேசும் அலசலில் பாதி நேரம் "எங்கள் கணக்கு தப்பு" என்பதிலேயே போய்விடும்.

இப்போது பாருங்கள். ஐந்து பேரின் தனி மதிப்பெண் 38, 46, 52, 60, 64 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 52. குழுவாகப் போட்டது 44. "கூடிப் பேசியதால் 8 முன்னேறினோம்" என்று மகிழ்வார்கள். ஆனால் அதே மேசையில் 38 வாங்கியவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு மேசைக்கு வரவே இல்லை, அல்லது வந்தும் எடுபடவில்லை. தலைமை பற்றிய பேச்சை நான் இந்த 6 மதிப்பெண்ணிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

#3 ஓரக்கண்

கணக்கன் சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். மதிப்பெண் *எவ்வளவு* போச்சுன்னு காட்டும், *எப்படி* போச்சுன்னு காட்டாது. அதுக்குக் குழுவுக்கு ஒரு கவனிப்பாளர் வேணும். உங்க கணக்கு நல்லா அமையுது: நாலு குழு, குழுவுக்கு ஐந்து பேர், மீதி நாலு பேர் கவனிப்பாளர். மொத்தம் 24.

கவனிப்பாளர்கிட்ட வெறும் தாளைக் கொடுத்து "கவனிங்க"ன்னு சொன்னா, "எல்லாரும் நல்லாப் பேசினாங்க"ன்னு எழுதிக் கொடுப்பாங்க. கட்டம் போட்டுக் கொடுங்க. இடப்பக்கம் 15 பொருள். ஒவ்வொண்ணுக்கும் மூணு கட்டம்: முதல்ல கருத்துச் சொன்னது யார், மாற்றுக் கருத்துச் சொன்னது யார், அந்த மாற்றுக் கருத்துக்கு என்ன ஆச்சு. கடைசிக் கட்டத்துக்கு நாலே எழுத்து போதும். ஏ: ஏத்துக்கிட்டாங்க. வா: வாதிச்சாங்க. த: தள்ளிட்டாங்க. க: கண்டுக்கவே இல்லை.

இந்த "க"தான் தங்கம். ஒருத்தர் "திசைகாட்டி அங்க வேலை செய்யாதே"ன்னு சொல்வார். யாரும் மறுக்க மாட்டாங்க, யாரும் ஆமான்னும் சொல்ல மாட்டாங்க. அடுத்தவர் வேற பொருளுக்குத் தாவிடுவார். ரெண்டு நிமிஷம் கழிச்சுத் திசைகாட்டி நாலாவது இடத்துல உட்கார்ந்திருக்கும். சொன்னவரும் வாய மூடிக்குவார். அங்க சண்டை நடக்கல, அவமதிப்பு நடக்கல, அதனால யார் நினைவிலும் அது நிக்காது. தாள்ல மட்டும்தான் இருக்கும்.

இன்னொண்ணு: 10, 20, 30-ஆவது நிமிஷத்துல எத்தனை பொருள் முடிஞ்சிருக்குன்னு குறிக்கச் சொல்லுங்க. பாதி நேரம் முதல் மூணு இடத்துக்கே போயிடும். எல்லாரும் ஒத்துப்போற ஆக்சிஜனையும் தண்ணியையும் பத்தி நிறையப் பேசுவாங்க, ஏன்னா ஒத்துப்போறதைப் பேசுறது சுகம். கடைசி அஞ்சு நிமிஷத்துல எட்டுப் பொருளை வாரிப் போட்டு முடிப்பாங்க. நேரத்தைப் பார்த்துக்கிறது யார் வேலைன்னு ஆரம்பத்துல யாருமே கேட்டிருக்க மாட்டாங்க.

#4 மறுகரை

நிலவுப் பயிற்சியில் எனக்கு மூன்று சிக்கல்.

ஒன்று, விடை இணையம் முழுக்கக் கிடக்கிறது. 24 பேரில் இரண்டு பேராவது முன்பே பார்த்திருப்பார்கள். அவர்களைக் கவனிப்பாளர்களாக உட்கார வைக்க வேண்டும். அதற்கு, ஆரம்பிக்கும் முன்பே "இதைச் செய்தவர்கள் யார்?" என்று கேட்டாக வேண்டும்.

இரண்டு, நடு இடங்கள் விவாதத்துக்கு உரியவை. பாராசூட் துணி 8, உயிர்காப்புப் படகு 9, சமிக்ஞை வெடி 10, கைத்துப்பாக்கி 11. படகை ஊத வைக்கும் வாயுக் குப்பியும் துப்பாக்கியும் உந்தித் தள்ள உதவலாம் என்பது காரணம். படகை 9-க்குப் பதில் 11 என்று போட்டவரைத் தவறு என்று எப்படிச் சொல்வது? அலசலை இந்த நான்கில் மாட்டவிடாதீர்கள். முதல் ஐந்தையும் கடைசி மூன்றையும் மட்டும் பேசுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது. "குழு மதிப்பெண் சராசரியைவிடக் குறைவு, ஆகவே கூடிப் பேசியது பலன் தந்தது" என்ற முடிவே ஓட்டை. ஐந்து பேரின் தாளையும் வாங்கி, ஒரு பேச்சும் இல்லாமல், இடங்களின் சராசரியை மட்டும் எடுத்தாலே வரும் வரிசை, தனியாட்களின் சராசரி மதிப்பெண்ணைவிடப் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஒருவர் மேலே போட்ட தவறும் இன்னொருவர் கீழே போட்ட தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அது கணக்கின் குணம். அதில் குழுவின் திறமை எதுவும் இல்லை. நல்ல பயிற்சியாளர்களே இதைக் கவனிக்காமல் குழுவைப் பாராட்டிவிட்டுப் போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

#5 கணக்கன்

மூன்றாவதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் தனிச் சராசரி, தனிச்சிறந்தவர், பேசிய குழு என்ற மூன்று எண்ணோடு "மௌனக் குழு" என்று நான்காவது எண் ஒன்றையும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து பேர் போட்ட இடங்களைக் கூட்டுங்கள். குறைந்த கூட்டுத்தொகைக்கு 1, அடுத்ததுக்கு 2, இப்படி 15 வரை. இரண்டு பொருளுக்கு ஒரே கூட்டுத்தொகை வந்தால் சீட்டுப் போட்டு ஒன்றை மேலே வையுங்கள். இரண்டுக்கும் எட்டரை என்று போட்டால் மேலே சொன்ன இரட்டைப்படைச் சோதனை உடைந்துவிடும்.

மௌனக் குழு 40, பேசிய குழு 44 என்று வந்தால் பேச்சே 4 மதிப்பெண்ணைத் தின்றிருக்கிறது. பேசாமல் தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் நன்றாக வந்திருக்கும். பேசிய குழு 34, தனிச்சிறந்தவர் 38 என்றால் உண்மையிலேயே சேர்ந்து யோசித்திருக்கிறார்கள், யாரிடமும் முழுதாக இல்லாத ஒன்று உருவாகியிருக்கிறது. இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் என்ன வித்தியாசமாக நடந்தது என்று ஓரக்கண்ணின் தாளில் தேடலாம்.

பேசும் விதம் மாறினால் எண் மாறும் என்பதற்கு ஆதாரமும் உண்டு. ஹாலும் வாட்சனும் 1970-இல் வெளியிட்ட ஆய்வில், சில குழுக்களுக்கு மட்டும் முன்கூட்டியே பேச்சு விதிகளைக் கொடுத்தார்கள். உன் வரிசைக்காக வாதாடாதே. ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்க வேண்டும் என்று நினைக்காதே. சண்டையைத் தவிர்ப்பதற்காக மட்டும் கருத்தை மாற்றாதே. ஓட்டு, சராசரி, பூவா தலையா, "இதை விட்டுத் தர்றேன், அதை நீ விட்டுக் கொடு" என்ற பேரம், இவை வேண்டாம். கருத்து வேறுபட்டால் அது இயல்பு, அதைத் தேடிப் போ. இந்த விதிகள் கிடைத்த குழுக்கள் மற்றவற்றைவிட நன்றாகச் செய்தன.

நாலு குழுவில் இரண்டுக்கு மட்டும் இந்த விதிகளைக் கொடுத்துப் பார்க்கலாம். இரண்டுக்கு இரண்டு என்ற அளவில் எதையும் நிரூபிக்க முடியாது, அதை அரங்கில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பேச்சைத் தொடங்க உதவும், அவ்வளவே.

#6 சீட்டுக்கட்டு

விடை இணையத்தில் கிடைக்கும் பிரச்சினைக்கு வழி, நீங்களே எழுதும் பயிற்சி. மறைந்த தகவல் பயிற்சியைப் பாருங்கள். ஸ்டாஸர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வுதான் அடிப்படை. குழுவில் எல்லாருக்கும் தெரிந்த தகவலே திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது, ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேசைக்கே வருவதில்லை என்று அவர்கள் காட்டினார்கள்.

நாலு பேர் குழுவுக்கு ஒரு வடிவம் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு திட்டம், அ, ஆ. எது நல்லது என்று முடிவு செய்ய வேண்டும்.

திட்டம் அ: மொத்தம் 8 நிறை, 4 குறை. குறை நாலும் எல்லார் தாளிலும் இருக்கும். நிறை எட்டையும் ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள், ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்குக் கிடையாது.
திட்டம் ஆ: மொத்தம் 4 நிறை, 4 குறை. நிறை நாலும் எல்லாருக்கும். குறை ஆளுக்கு ஒன்று.

இப்போது எந்த ஒருவரின் தாளைப் பார்த்தாலும் அ-வுக்கு 2 நிறை 4 குறை, ஆ-வுக்கு 4 நிறை 1 குறை. எல்லாரும் ஆ-தான் நல்லது என்று மனதில் முடிவோடு வருவார்கள். நாலு தாளையும் சேர்த்துப் பார்த்தால் அ-தான் மேல். மொத்தத் தகவல் 20, அதில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்தவை 12. அந்தப் பன்னிரண்டில் எத்தனை மேசைக்கு வந்தது என்பதுதான் உங்கள் அளவுகோல்.

தாளை 7 நிமிடம் படிக்கட்டும். அடுத்த 3 நிமிடத்தில் தன் தேர்வைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்கட்டும். பிறகு 25 நிமிடம் பேச்சு. தாளை மற்றவருக்குக் காட்டக் கூடாது, வாயால் எதையும் சொல்லலாம். "உங்கள் தாள்களில் உள்ளவை முழுக்க ஒன்றாக இருக்காது" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாவிட்டால் பிறகு "எங்களை ஏமாற்றிவிட்டீர்கள்" என்பார்கள், அந்தக் கோபம் நியாயமானது. சொன்ன பிறகும் பெரும்பாலான குழுக்கள் சறுக்கும். அந்தச் சறுக்கலுக்குத்தான் மதிப்பு.

எழுதும்போது நடக்கும் தவறு: குறைகளின் எடை ஒன்றாக இருக்காது. "வண்ணம் அழகாக இல்லை" என்பதும் "சட்டப்படி அனுமதி கிடையாது" என்பதும் ஆளுக்கொரு குறைதான், ஆனால் இரண்டாவது ஒன்றே திட்டத்தைச் சாய்த்துவிடும். அதனால் முன்சோதனை கட்டாயம். பயிற்சியில் கலந்துகொள்ளாத நாலைந்து பேரிடம் 20 தகவலையும் கொடுங்கள், அநேகமாக எல்லாரும் அ என்று சொல்ல வேண்டும். வேறு நாலைந்து பேரிடம் ஒற்றைத் தாளைக் கொடுங்கள், ஆ என்று சொல்ல வேண்டும். இரண்டில் எது தவறினாலும் தகவல்களைத் திருத்தி மறுபடி சோதியுங்கள்.

#7 வெண்பலகை

மிக்க நன்றி. மௌனக் குழு கணக்கு இதுவரை கேள்விப்படாதது. அடுத்த கேள்வி தலைமை பற்றி. குழுவுக்குத் தலைவரை நாமே நியமிப்பதா, தானாக ஒருவர் எழட்டும் என்று விடுவதா?

#8 ஓடுபாதை

நியமியுங்கள். தானாக எழுபவர் அநேகமாக அதிகம் பேசுபவராக இருப்பார். அதிகம் பேசுபவருக்கு அதிகம் தெரியும் என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அது தனிப் பாடம், அதற்கு வேறொரு நாள் வேண்டும்.

நியமித்த தலைவரிடம் தனியாக ஒரு துண்டுச் சீட்டு. பாதிக் குழுக்களின் தலைவருக்கு: "முதலில் உங்கள் கருத்தைச் சொல்லி ஆரம்பியுங்கள்." மீதிக் குழுக்களின் தலைவருக்கு: "எல்லாரையும் கேட்ட பிறகே உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். முடிவுக்கு முன் ஒரு முறை, 'இதுவரை யாரும் சொல்லாதது யாரிடமாவது இருக்கிறதா' என்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்." முடிந்ததும் இரண்டு சீட்டையும் எல்லார் முன்னாலும் படித்துவிடுங்கள். முதல் வகைச் சீட்டு வாங்கியவர் மேல் பழி விழக் கூடாது, அவர் சொன்னபடி செய்தார்.

தலைமைப் பாடத்துக்கு விமானத் துறையைவிடத் தெளிவான இடம் இல்லை. 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லாந்து. ஒரு டிசி-8 பயணிகள் விமானம் இறங்கும் சக்கரத்தில் கோளாறு என்று வானத்தில் வட்டமிட்டது. தலைமை விமானி சக்கரத்திலும் அவசரத் தரையிறக்க ஏற்பாட்டிலும் மூழ்கிவிட்டார். எரிபொருள் குறைவது விமானி அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும், பேச்சிலும் வந்தது. ஆனால் "இப்போதே இறங்க வேண்டும்" என்று அவர் காதில் ஏறும்படி யாரும் சொல்லவில்லை. இன்ஜின்கள் நின்று விமானம் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான் 1979-இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது. விமானிகளுக்குச் சிமுலேட்டரில் குழுவாக வேலை செய்யும் பயிற்சி அங்கிருந்து வளர்ந்தது.

அங்கே இரண்டு பக்கத்துக்கும் பயிற்சி உண்டு என்பதைக் கவனியுங்கள். தலைவருக்குக் கேட்கும் பயிற்சி, கீழே இருப்பவருக்குச் சொல்லும் பயிற்சி. "எரிபொருள் கொஞ்சம் குறைகிறது போல" என்பது சாடை. சொல்ல வேண்டிய முறை: முதலில் பெயர் அல்லது பதவி சொல்லிக் கூப்பிடு, கவலையை நேராகச் சொல், எண் கொடு, என்ன செய்யலாம் என்று சொல், பதில் வரும்வரை விடாதே. "கேப்டன், எரிபொருள் கவலையாக இருக்கிறது, 15 நிமிடத்துக்குத்தான் வரும், இப்போதே திரும்பலாம், சரியா?" உங்கள் கவனிப்பாளர் தாளில் சாடையாகச் சொன்னது, நேராகச் சொன்னது என்று இன்னொரு கட்டம் சேர்க்கலாம். ஓரக்கண் சொன்ன "க" விழும் இடங்களில் பெரும்பகுதி சாடையாகச் சொன்னவையாகத்தான் இருக்கும்.

#9 நான்காம்வாரம்

எல்லாரும் பேச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். நல்லவர்கள், புத்திசாலிகள், ஒருவரையொருவர் மதிப்பவர்கள் சேர்ந்தும் குழு கவிழும். காரணம் வேலை அமைந்திருக்கும் விதம். அதைக் காட்ட பீர் கேமுக்கு இணை இல்லை. பீர் பெட்டிகள் ஆலையிலிருந்து கடைவரை கைமாறிப் போவதைப் பலகையில் ஆடிப் பார்க்கும் ஆட்டம், 1960-களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவானது.

நாலு நிலை: சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை. நிலைக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு பலகைக்கு 8 பேர், மூன்று பலகைக்கு உங்கள் 24 பேரும் சரியாக வந்துவிடுவார்கள். ஒவ்வொரு நிலையிலும் தொடக்க இருப்பு 12 பெட்டி. வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் 4 பெட்டி. ஆர்டர் சீட்டு மேலே போய்ச் சேர 2 வாரம், சரக்கு கீழே வர 2 வாரம். கிடங்கில் தங்கும் பெட்டிக்கு வாரம் அரை டாலர், கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் பெட்டிக்கு வாரம் ஒரு டாலர். நிலைகளுக்குள் பேசக் கூடாது, சீட்டு மட்டும்தான் போகும்.

ஒவ்வொரு வாரமும் ஐந்து படி: சரக்கை வாங்கி வழியில் உள்ளதை ஒரு கட்டம் நகர்த்து, வந்த ஆர்டரையும் பழைய பாக்கியையும் கொடு, இருப்பை அல்லது பாக்கியை எழுது, ஆர்டர் சீட்டுகளை நகர்த்து, புது ஆர்டர் போடு. ஐந்தாவதில் மட்டும்தான் யோசிக்க வேலை. நடத்துபவர் ஐந்தையும் உரக்கக் கூவி மூன்று பலகையையும் ஒரே தாளத்தில் ஓட்ட வேண்டும். யாராவது ஒரு படி முந்திவிட்டால் பெட்டிக் கணக்கு குழம்பிவிடும், பாதியில் சரிசெய்ய முடியாது.

வாடிக்கையாளர் முதல் நாலு வாரம் வாரத்துக்கு 4 கேட்கிறார். ஐந்தாவது வாரம் 8. அதற்குப் பிறகு கடைசிவரை 8. அவ்வளவுதான் மாற்றம். ஆனால் 4 கூடுதலாகப் போகும்போது 12 பெட்டி 3 வாரத்தில் தீரும். இன்று போட்ட ஆர்டருக்குச் சரக்கு வர 4 வாரம். அந்த இடைவெளியில் பதறி 12, 16, 20 என்று போடுவார்கள். ஏற்கெனவே போட்டு வழியில் வந்துகொண்டிருப்பதை மறந்துவிடுவார்கள். பதற்றம் மேலே போகப் போகப் பெருகி, கடைசியில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து கிடங்கு நிரம்பி வழியும். எம்ஐடி பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989-இல் வெளியிட்ட ஆய்வில் குழுக்களின் சராசரிச் செலவு சுமார் 2,000 டாலர். அடைந்திருக்கக் கூடியது சுமார் 200.

50 வாரம் ஓடும் என்று சொல்லிவிட்டு 36-இல் நிறுத்துங்கள். முடிவு தெரிந்தால் கடைசி வாரங்களில் கிடங்கைக் காலி செய்வதில் இறங்கிவிடுவார்கள். நிறுத்தியதும் பேசவிடாமல், சில்லறை வியாபாரி தவிர மற்றவர்களை "வாடிக்கையாளர் கேட்டது எப்படி இருந்திருக்கும்" என்று கோடு வரையச் சொல்லுங்கள். மலை மாதிரி ஏறி இறங்கும் கோடுகளாக வரைவார்கள். பிறகு வாடிக்கையாளர் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். 4, 4, 4, 4, 8, 8, 8, 8... கூடம் அடங்கிப்போகும். அரை மணி நேரமாகப் பக்கத்து நிலையில் இருந்தவரைத் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்தக் கோடு யார் கையால் வந்தது என்று அப்போது புரியும்.

#10 மறுகரை

பீர் கேம் அருமையானது, ஆனால் ஆட்டம் மட்டும் ஒன்றரை மணி, அலசல் ஒரு மணி. மூன்று மணியில் அது ஒன்றுதான் முடியும். தலைமைப் பாடமும் அதில் மறைமுகமாகத்தான் வரும், ஏனென்றால் பேசவே அனுமதி இல்லை. வெண்பலகை கேட்டது பேச்சும் தலைமையும். என் ஓட்டு சீட்டுக்கட்டின் பயிற்சிக்கு.

#11 ஓரக்கண்

எதை எடுத்தாலும் அலசலைக் கெடுத்தா எல்லாம் வீண். அலசல் நேரம் ஆட்ட நேரத்தைவிடக் குறையக் கூடாது. ஆட்டம் இழுத்துட்டுதுன்னு அலசலைச் சுருக்கறதுதான் அடிக்கடி நடக்கற தப்பு.

முடிஞ்ச உடனே யாரும் பேச வேணாம். மூணு நிமிஷம் ஆளாளுக்கு எழுதட்டும்: "நான் சொல்ல நினைச்சு சொல்லாம விட்டது என்ன? எந்த நிமிஷத்துல விட்டேன்?" பேச ஆரம்பிச்சுட்டா முதல்ல பேசறவர் சொல்ற கதையே எல்லாரோட கதையாயிடும். எழுதினதை அழிக்க முடியாது.

அடுத்து அஞ்சு நிமிஷம் ஆத்தாமைக்கு. "விதி சரியில்ல, நேரம் போதல" எல்லாம் வரட்டும், பதில் சொல்லாதீங்க. அது வெளிய வராம உள்ள இருந்தா அடுத்த நாப்பது நிமிஷமும் அதுவே பேசும்.

அப்புறம் அமெரிக்க ராணுவத்துல பயிற்சிக்குப் பின்னாடி கேட்கற நாலு கேள்வி போதும். என்ன நடக்கணும்னு நினைச்சோம்? என்ன நடந்துது? ஏன் வித்தியாசம்? அடுத்த தடவை என்ன செய்வோம்? இரண்டாவது கேள்விக்குக் கவனிப்பாளர் தாளை மட்டும் படிங்க, ஞாபகத்துலேர்ந்து யாரும் சொல்ல வேணாம். "17-ஆவது நிமிஷம், மூணாவது நாற்காலி, ஆ-வோட பராமரிப்புச் செலவைப் பத்திச் சொன்னாங்க, க." இப்படி. "ஏன்"னு போகும்போது ஆளைக் கேட்காதீங்க, "நீங்க ஏன் சொல்லல"ன்னு கேட்டா தற்காப்புதான் வரும். "அந்த நேரத்துல அதைச் சொல்றது ஏன் கஷ்டமா இருந்துது"ன்னு கேளுங்க. தலைவர் ஏற்கெனவே முடிவு சொல்லிட்டார், மூணு பேர் தலையாட்டிட்டாங்க, நேரம் குறைவு, இது சின்ன விஷயம்னு நினைச்சேன். இந்தப் பதில்கள் வந்துட்டா உங்க பலகையில எழுத நிஜமான வரிகள் கிடைச்சாச்சு.

நடத்தறவர் பேசறது பத்துல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. ஒரு கேள்வி கேட்டுட்டு பத்து எண்ணுங்க. அமைதி தாங்காம நீங்களே பதில் சொல்லிட்டா, அதுக்கப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டாங்க.

நாலாவது கேள்விக்கு "இனிமேல் நல்லாக் கேட்போம்"னு எழுதினா ஒத்துக்காதீங்க. யார், எந்தக் கூட்டத்துல, என்ன செய்வாங்கன்னு இருக்கணும். "வாராந்தரக் கூட்டத்துல முடிவுக்கு முன்னாடி எல்லாரும் தன் கருத்தைச் சீட்டுல எழுதணும், தலைவர் கடைசியா வாசிக்கணும்" மாதிரி.

#12 வெண்பலகை

இப்போது என் மனதில் உள்ள திட்டம்: முதலில் மறைந்த தகவல் பயிற்சி, பிறகு நிலவுப் பயிற்சி. இரண்டும் சேர்ந்து 180 நிமிடத்தில் அடங்கும் போலத் தெரிகிறது. இன்னொரு சங்கடம். மேலதிகாரி ஒருவரும் கலந்துகொள்ள ஆசைப்படுகிறார், ஆளுக்கு ஆள் மதிப்பெண் பட்டியலும் வேண்டும் என்கிறார்.

#13 கணக்கன்

பட்டியல் கொடுக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இது தேர்வாக மாறிவிட்டால் எல்லாரும் பத்திரமான கருத்தை மட்டும் சொல்வார்கள், நீங்கள் பார்க்க வந்ததே நடக்காது. ஹார்வர்டு ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் வெளியிட்ட ஆய்விலும் குழு கற்றுக்கொள்வதற்கு முக்கியமாக நின்றது இதுதான், இங்கே வாய் திறந்தால் நமக்குக் கேடு வராது என்ற நம்பிக்கை.

தனித்தாளில் பெயர் வேண்டாம், அவரவர் வரைந்த ஒரு குறி போதும். முடிவில் தாள் எழுதியவரிடமே திரும்பிப் போகட்டும். வெளியே போவது குழு எண் மட்டும்.

மேலதிகாரி வருவது நல்லதே, ஆனால் எந்த மேசையிலும் உட்கார வேண்டாம், கவனிப்பாளராகவும் வேண்டாம். ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் பேசி, எண்கள் எதுவும் தன்னிடம் வராது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டுப் போகட்டும். அலசலின் கடைசிப் பகுதிக்குத் திரும்பி வந்து, எந்த விதியைத் தன் கூட்டத்தில் ஏற்கிறார் என்று சொல்லட்டும். விதியை நடைமுறைக்குக் கொண்டுவர அவர் சம்மதம் வேண்டும், அதற்குத்தான் அவர் தேவை.

#14 சீட்டுக்கட்டு

இரண்டு வெவ்வேறு பயிற்சியை அடுக்காதீர்கள், வெண்பலகை. இடைவேளைக்கே இடம் இருக்காது, அலசல்தான் அடிவாங்கும். ஒரே வகையை இரண்டு சுற்று ஓட்டுங்கள். முதல் சுற்றில் கண்ட பிசகைத் திருத்தி உடனே செய்து பார்க்க இரண்டாம் சுற்று வேண்டும்.

முதல் சுற்று 35 நிமிடம், விடை காட்ட 10, அலசல் 45, இடைவேளை 15. பிறகு 10 நிமிடத்தில் ஒவ்வொரு குழுவும் தனக்கு இரண்டே விதி எழுதட்டும். இரண்டாம் சுற்று 35, விடையும் அலசலும் 30. மொத்தம் 180. நாலு பேர் கொண்ட ஐந்து குழு, நாலு கவனிப்பாளர், ஐந்தாவது குழுவை உங்களுக்கு உதவ வருபவர் கவனிக்கட்டும். இரண்டாம் சுற்றில் கவனிப்பாளர்கள் மேசைக்கு வர, வேறு நாலு பேர் கட்டம் நிரப்பட்டும்.

இரண்டாம் சுற்றில் ஒரு பொறி இருக்கிறது. முதல் சுற்றில் "மோசமாகத் தெரிந்ததே சரியான விடை" என்று பார்த்துவிட்டார்கள். அதே வடிவத்தை மறுபடி கொடுத்தால் ஒரு வார்த்தை பேசாமல் தலைகீழாகத் தேர்ந்தெடுத்து ஜெயித்துவிடுவார்கள். அதனால் இரண்டாம் சுற்றுக்குப் புதிய பொருளில் மூன்று திட்டம் எழுதுங்கள், தலைகீழாக்கினாலும் இரண்டு மிஞ்சும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த தகவலின் எண்ணிக்கையை அதே பன்னிரண்டாக வையுங்கள். சுற்று முடிந்ததும் எது சரியான விடை என்பதை முதலில் சொல்லாதீர்கள். முதல் சுற்றில் பன்னிரண்டில் எத்தனை வந்தது, இந்தச் சுற்றில் எத்தனை வந்தது என்று ஐந்து குழுவின் எண்களையும் முதலில் பலகையில் எழுதுங்கள். கூடாத குழு இருந்தால், அவர்கள் எழுதிய இரண்டு விதியையும் அவர்களையே உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விதி செய்யக்கூடிய செயலாக இருக்கிறதா, வெறும் ஆசையாக இருக்கிறதா என்று அவர்களுக்கே கேட்கும்.